கடையில்லா ஊரும் விலையில்லா நூலும்

பெண்டாங் வட்டாரத்தில் வாழும் தமிழர் ஒருவர்க்குத் தமிழ் நாவல் ஒன்றை விலைக்கு வாங்கும் எண்ணம் தோன்றுமாயின், அவர் வடக்கே அலோர் ஸ்டாருக்கோ தெற்கே சுங்கைப்பட்டாணிக்கோ வண்டியேற வேண்டும். அங்கே கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கிடைக்கவில்லையெனில், பினாங்குத் தீவுக்குக் கடல் கடந்து லெபோ பாசார் வரை செல்ல வேண்டும். அங்கும் குங்குமத்துக்கும் கற்பூரத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் இடையே நாவல் ஒளிந்திருக்கும் அலமாரியைத் தேடிக் கண்டெடுக்க வேண்டும். நெல்வயலும் பால்மரமும் செம்பனையும் அடுத்தடுத்து நிற்கும் இம்மாவட்டத்தில் கோயிலுக்குக் குறைவில்லை. தமிழ்ப்பாட்டு ஒலிக்கும் உணவுக்கடைக்குக் குறைவில்லை. புத்தகத்துக்குத்தான் ஊர்விட்டு ஊர் போக வேண்டியுள்ளது.

இதனைக் கண்டு கவல்வார் பலர். கவல்வதோடு நில்லாது காரணமும் கூறுவர். "நம்மவரிடையே வாசகர் இல்லை, ஆதலால் கடை இல்லை" என்பதே அக்காரணம். எழுத்தாளர் கூட்டங்களில் இதனைக் கேட்காத நாளில்லை. கேட்டுத் தலையசைத்து, தேநீர் பருகி, வீடு திரும்புகிறோம். இக்கூற்று பொய் என்பதே என் கட்சி. வாசகர் இல்லாமையால் கடை ஒழியவில்லை. கடையை ஒழித்தவர்கள் நாம்: ஆசிரியர்களாகிய நாமும் எழுத்தாளர்களாகிய நாமும். கடை ஒழிந்தபின் வாசகர் குறைந்தனர். காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றிச் சொல்லி நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

புத்தகக்கடை என்று நான் கூறுவது நான்கு சுவரையும் ஒரு கல்லாப்பெட்டியையும் அன்று. "இதைப் படித்துப் பாருங்கள், சென்ற முறை நீங்கள் கொண்டுபோனதைவிட இது நன்றாயிருக்கும்" என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். அவர் புதிதாக வந்ததை அறிந்திருப்பார். வாங்க வருபவரையும் அறிந்திருப்பார். இரண்டையும் இணைத்து வைப்பார். அத்தகைய ஆள் இல்லாத கடை புத்தகக் கிடங்கே. அத்தகைய ஆள் இருந்தால் ஒரு மரப்பெட்டியும் கடையாகும்.

இத்தகைய கடை ஒரு சமூகத்துக்கு எத்துணை பெரிய பொருள் என்பதை அதன் நண்பர்களைவிடப் பகைவர்கள் நன்கு அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் 1981ஆம் ஆண்டு மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் நடந்த கொடுமையை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் கொண்ட பொதுநூலகம் எரிந்ததையே எல்லாரும் கூறுவர். அந்நாள்களில் அதே நகரில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டது என்பதைச் சிலரே கூறுவர். நூலகத்தையும் கடையையும் ஒரே தீயில் இட்டவர்கள், அவ்விரண்டும் ஒரே தொழிலைச் செய்தன என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். அக்கடை பின்னர் மீண்டும் எழுந்தது. வாங்குவோர் அதனைக் கைவிடவில்லை. இங்கே யாரும் தீயிடவில்லை. நாமோ தீயின்றியே வேலையை முடித்துக்கொண்டோம்.

"யாழ்ப்பாணத்தார் படித்தவர், நம்மவர் தோட்டத்துக் கூலிகளாக வந்தவர், ஒப்பிடலாமா?" என்று வினவுவார் உளர். தோட்டத்து மக்கள் படிக்காதவர்கள் என்னும் இவ்வெண்ணம் நம் நெஞ்சில் யார் விதைத்ததோ அறியேன்; நாம் அதற்கு நீரூற்றி வளர்த்துவிட்டோம். எழுதப்படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், லயத்து வாசலில் விளக்கேற்றிவைத்து நல்லதங்காளையும் தேசிங்குராசனையும் அல்லியையும் பெரிய எழுத்துப் புத்தகத்திலிருந்து இராகத்தோடு படிக்க, சுற்றி அமர்ந்தோர் அழுதும் வியந்தும் கேட்டனர். நாளிதழ் ஒன்று தோட்டத்துக்கு வந்தால் அதனைப் பத்துப் பேர் படித்தனர். இருபது பேர் கேட்டனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி வேரூன்ற வேண்டுமென்று கோ. சாரங்கபாணி 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, பால்வெட்டிப் பிழைத்தவர்களும் தம் காசை ஈந்தனர். தாம் நுழையவே இயலாத ஒரு கூடத்தில் தமிழ் நூல்கள் அடுக்கப்பட வேண்டும் என்பதற்காக ஈந்தனர். இவர்களா புத்தகத்தை மதியாதவர்கள்?

அக்காலத்தில் மற்றொன்றும் இருந்தது. எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று சொல்லும் குரல் ஒன்று வாரந்தோறும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு எழுதக் கற்றுத்தந்தது என்பர். எழுதக் கற்றவரைவிடப் படிக்கக் கற்றவரே அதில் மிகுதி என்பது என் துணிபு. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் தோட்டத்துச் சிறுவனையும் கடிதம் எழுதவைத்தது. 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, வந்த கதைகளைச் சலித்தெடுத்து, இது கதை, இது கதையன்று என்று முகத்துக்கு நேரே கூறினார். புகழ்ச்சிக்குப் பழகியோர்க்கு அது கசந்தது. படிப்பவர்க்கு அதுவே வழிகாட்டியாயிற்று. கடை இருந்த ஊரிலும் இல்லாத ஊரிலும் இக்குரல்கள் கடைக்காரனின் வேலையைச் செய்தன. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. பழைய ஞாயிறு இதழ்களை எண்ணி ஏங்குகிறோம். ஏக்கம் கடை திறக்காது.

இனி, கடையை ஒழித்த கைகளைப் பார்ப்போம்.

முதலாவது கை ஆசிரியருடையது. தமிழ்ப் புத்தகக்கடை என்று பெயர்ப்பலகை தாங்கிய இடங்களில் நுழைந்து பாருங்கள். கண்ணுக்கு நேராக அடுக்கப்பட்டிருப்பவை பயிற்சி நூல்கள், மாதிரி வினாத்தாள்கள், கட்டுரைத் திரட்டுகள், இலக்கணக் குறிப்புகள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றாற்போல, நூலில்லா இடத்தில் இவையே நூலாயின. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை ஒரு சாக்கு இருந்தது. அத்தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது; மறு ஆண்டில் பி.தி.3 தேர்வும் ஒழிந்தது. பிள்ளைகளின் முதுகிலிருந்து சுமை இறங்கிற்று. இனியேனும் கதைநூல் அவர்கள் கைக்கு ஏறும் என நம்பினோம். ஆண்டிறுதி மதிப்பீட்டுக்கென்று புதிய அட்டையோடு அதே பயிற்சி நூல் மீண்டும் வந்தது. அட்டையை மாற்றியவர் வணிகர். அதைப் பட்டியலில் சேர்த்தவர் யார்?

கடைக்காரரைக் குறைகூற எனக்கு மனமில்லை. வாடகை உண்டு, ஆள்கூலி உண்டு. நூறு படி விற்கும் என்று உறுதியான பயிற்சி நூலுக்கும், மூன்று படி விற்றாலும் விற்கும் என்ற நாவலுக்கும் ஒரே அலமாரிதான் இருக்கிறதென்றால் அவர் எதை வைப்பார்? நாவலின் மூன்று படியை முப்பதாக்கக்கூடியவர் வகுப்பறையில் நிற்கும் தமிழாசிரியர் ஒருவரே. அவர் வாய்திறந்து "இந்நூலைப் படியுங்கள்" என்றால் மாணவர் கேட்பர், பெற்றோர் வாங்குவர். அவ்வாய் ஆண்டு முழுதும் பயிற்சி நூலின் பெயரையே கூறிற்று.

'நீலாம்' எனப்படும் வாசிப்புத் திட்டம் ஒன்று 1990களின் இறுதியிலிருந்து நம் பள்ளிகளில் உள்ளது. மாணவர் தாம் படித்த நூலின் பெயரையும் சுருக்கத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை கூடக்கூடப் பாராட்டும் சான்றிதழும் உண்டு. பின்னாளில் பதிவேடு கணினிக்கு மாறியது. நோக்கம் நல்லது, நான் அதனை இகழேன். ஆனால் எட்டுப் பக்க வண்ணப்படக் கதையும் ஒன்று, முந்நூறு பக்க நாவலும் ஒன்று என்று எண்ணும் கணக்கில், அறிவுள்ள பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான்? மாணவனின் பதிவேட்டில் முத்திரையிடும் ஆசிரியர் "இதில் உனக்கு எது பிடித்தது? ஏன்?" என்று கேட்டால் அத்திட்டம் உயிர்பெறும். கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். அவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் பள்ளியில் எண்ணிக்கொள்க.

2012இல் அரசு பல்கலைக்கழக மாணவர்க்கும் ஆறாம் படிவத்தார்க்கும் 200 வெள்ளிக்குப் புத்தகப் பற்றுச்சீட்டு வழங்கியதும் இங்கே நினைக்கத்தக்கது. கையில் பணமும் இருந்தது. படிக்கும் வயதும் இருந்தது. பெண்டாங்கிலிருந்து சென்ற ஒரு மாணவி அச்சீட்டைக் கொடுத்துத் தமிழ் நாவல் வாங்க எத்தனை கடை இருந்தன? பணமில்லை என்னும் நம் பழைய முறையீடும் அன்றே வலுவிழந்தது.

இரண்டாவது கை எழுத்தாளருடையது. இதனைக் கூறும்போது சிலர் முகம் சுளிப்பர். இத்தொகுப்பைக் கையில் ஏந்தியிருப்போர் பலரும் இதில் பங்குடையவர் ஆதலின் சற்று விரிவாகவே கூறுவேன்.

நம் நாட்டில் ஒரு தமிழ்நூல் பிறக்கும் முறை யாவரும் அறிந்தது. ஐந்நூறோ ஆயிரமோ படி அச்சாகிறது. மண்டபம் ஏற்பாடாகிறது. குத்துவிளக்கு, தமிழ்வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை. டத்தோ ஒருவர் தலைமை தாங்குகிறார். நேரமின்மையால் நூலைப் பிரித்துப் பார்க்க இயலவில்லை என்று அவரே மேடையில் பெருமையோடு கூறுகிறார். முதல் நூலை ஒரு செல்வர் ஐந்நூறு, ஆயிரம் வெள்ளி கொடுத்துப் பெறுகிறார். பின்னர் ஏனையோர் வரிசையில் நின்று உறையை நீட்டி, நூலைப் பெற்று, படத்துக்கு நின்று, உணவுண்டு செல்கின்றனர். உறையில் இருப்பது பத்து வெள்ளியாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம். நூலின் மேல் விலை அச்சிடப்பட்டிருப்பதில்லை. அச்சிட்டால் உறையின் கனம் குறையுமே!

இது திருமண மொய்யின் மறுவடிவம். மொய் எழுதுபவர் மணமக்களின் குணநலனை ஆராய்ந்து எழுதுவதில்லை, உறவுக்காக எழுதுகிறார். இங்கும் நூலாசிரியருக்கு வேண்டியவர் வருகிறார். அடுத்த மாதம் தம் நூல் வெளிவரும்போது இவர் வருவார் என்ற கணக்கும் உண்டு. இங்ஙனம் கைமாறும் நூல் எழுத்தாளர் வீட்டு அலமாரியிலிருந்து எழுத்தாளர் வீட்டு அலமாரிக்கே போகிறது. விழாவுக்கு அழைப்புப் பெறாத, எழுத்தாளர் எவரையும் அறியாத, ஆனால் படிக்கும் ஆவலுடைய ஒரு தோட்டத்து இளைஞனுக்கு அந்நூல் பிறந்த செய்தியே எட்டுவதில்லை. வாசகர் இல்லை என்கிறோம். வாசகரை அழைக்கவே இல்லையே!

கடைக்கு இதனால் நேரும் கேடு யாது? கடைக்காரர் ஒரு நூலை ஏற்க வேண்டுமானால் அதற்கு விலை இருக்க வேண்டும். அவ்விலையில் அவருக்கு நூற்றுக்கு முப்பதோ நாற்பதோ கழிவு வேண்டும். விற்காததைத் திருப்பிப் பெறும் ஏற்பாடு வேண்டும். விற்றுத் தீர்ந்தால் மறுபடி கிடைக்க வேண்டும். விழாவிலே முதலை எடுத்துவிட்ட எழுத்தாளருக்கு இவற்றுள் எதிலும் நாட்டமில்லை. எஞ்சிய முந்நூறு படிகள் அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. கழிவு கொடுப்பதைக் கொள்ளை என்கிறார். கரையானுக்கு இலவசமாகக் கொடுப்பதைப் பற்றி ஒன்றும் கூறார். ஆக, இந்நாட்டுத் தமிழ்நூல் இந்நாட்டுக் கடைக்கு வருவதே அரிதாயிற்று. கடைக்காரர் தமிழகத்திலிருந்து கப்பலில் வருவதை வைத்து விற்கிறார். பிறகு நாமே மேடையேறி, "கடைகளில் நம் நூலுக்கு இடமில்லை" என்று முழங்குகிறோம்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவுடையது, மறைத்தல் முறையன்று. "அச்சுக்கூலியை எழுத்தாளன் எங்கிருந்து எடுப்பான்? விழா இல்லையேல் நூலே இல்லை" என்பர். உண்மை. தம் சேமிப்பைக் கொட்டி நூல் போட்டுக் கடனில் மூழ்கியவர் நம்மிடையே உண்டு. விழாவே வேண்டாம் என்று நான் கூறவில்லை. விழாவில் விற்கும் நூலிலும் விலை அச்சிடப்படட்டும், அவ்விலைக்கே விற்கப்படட்டும், நன்கொடை தருவார் நன்கொடை என்ற பெயரிலேயே தரட்டும். அச்சிட்டதில் பாதியேனும் விழாவுக்கு வெளியே விற்பதற்கென்று ஒதுக்கப்படட்டும். சங்கங்கள் நூல்வெளியீட்டுக்கு உதவும்போது இவ்விரண்டையும் கட்டாயமாக்கினால் ஓராண்டில் மாற்றம் தெரியும். தமிழகத்திலே இதற்கு நேர்மாறான நோய் ஒன்றுண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன். அங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நூலக வரியும், அதனால் நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணையும் உண்டு. நல்ல ஏற்பாடுதான், எனினும் நூலக ஆணையை மட்டுமே நம்பி, வாசகனை ஒருபோதும் எண்ணாமல் அச்சேறிய நூல்களும் அங்கே குவிந்தன. வாங்குபவர் டத்தோவாயினும் அரசாயினும், படிப்பவர் அல்லாத ஒருவரை நம்பி எழுந்த நூலுக்குக் கடை தேவைப்படுவதில்லை.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். கெடாவில் ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகள் உள. பள்ளிக்கு ஐந்து படி விற்றால் முந்நூறு. நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிகள். பள்ளிக்கு இரண்டென்றாலும் ஆயிரம் படி தீர்ந்துவிடும். இதற்கு டத்தோ வேண்டியதில்லை, மண்டபம் வேண்டியதில்லை. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் நூலைப் படித்துவிட்டு, உடன் பணிபுரிவோர் நால்வரிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். அவ்வளவே.

அவ்வாறு பேசுவதற்கு எந்நூல் உள்ளது என்று வினவுவார்க்கு விடையிறுக்க வேண்டும். தமிழாசிரியர் மாணவர்க்குப் பரிந்துரைக்கும் பெயர்கள் மு.வ., கல்கி, அகிலன், நா. பார்த்தசாரதி என்ற அளவில் நின்றுவிட்டன. அவர்கள் பெரியோர், மறுப்பாரில்லை. ஆனால் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன்' 1917இல் வந்தது முதல் நூறாண்டைக் கடந்துவிட்ட மலேசியத் தமிழ் நாவலில் ஒன்றைக்கூடப் பெயர் சொல்லத் தெரியாத மாணவர், தமிழ் இலக்கியத்தை எஸ்.பி.எம். தேர்வில் எடுக்கிறார். அப்பாடத்தைப் பன்னிரண்டு பாடங்களுக்குள் இடம்பெறச் செய்ய 2009இல் எத்துணைக் குரலெழுப்பினோம்! தேர்வுத்தாளில் இடம் வாங்கித்தந்தோம். வீட்டு அலமாரியில் வாங்கித்தரவில்லை. கடாரம் என்றும் இராசேந்திரன் என்றும் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், இக்கடாரத்திலேயே நம் காலத்தில் எழுதியவர்களின் பெயரைச் சொல்லத் தயங்குகிறோம்.

பீடோங்கில் பிறந்தவர் ரெ. கார்த்திகேசு. 2016இல் மறைந்தார். அவருடைய 'வானத்து வேலிகள்', 'தேடியிருக்கும் தருணங்கள்', 'அந்திம காலம்' ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு தொடங்க வேண்டுமெனின் நான் 'அந்திம காலம்' என்பேன். நோயும் இறப்பும் நெருங்கி நிற்கும் ஒரு முதியவரின் கதை அது; பதினேழு வயது மாணவர்க்கு ஏற்குமோ என்று ஐயுற வேண்டா. தாத்தா பாட்டியோடு வளர்ந்த பிள்ளைகள் அதனை நம்மினும் நன்றாகப் புரிந்துகொள்வர். தெளிந்த நடை, அகராதி தேவையில்லை. அவர் நாவல்கள் சிலவற்றை மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் காசின்றிப் படிக்கலாம் என்பதால், கடையில்லை என்ற சாக்கும் இங்கே செல்லாது.

சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' வேறுவகை. தோட்டத்து மக்கள் பேசியவாறே பேசுவர், வசையும் வரும், வலியும் வரும். தூயதமிழ் ஒன்றே தமிழ் என்று கற்பிக்கும் ஆசிரியர் முதல் பத்துப் பக்கங்களில் இடறுவார். இடறியபின் எழுந்து நடக்க வேண்டுகிறேன். 2017இல் தமிழகத்தில் விஷ்ணுபுரம் விருது இவருக்கு வழங்கப்பட்டது. கோயம்புத்தூரில் கூடி இவரைப் பாராட்டினர். கெடாவில் எத்தனை பள்ளி நூலகத்தில் இவர் நூல் உள்ளது? அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலையும் இதனையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொன்னால், விருந்தினராக வந்து கண்டவர் எழுதுவதற்கும் உள்ளே கிடந்து உழன்றவர் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவரே கூறுவர். ஆசிரியர் விளக்க வேண்டியதில்லை.

சயாம்–பர்மா மரண ரயிலைப் பற்றி ஒவ்வொரு தோட்டத்துக் குடும்பத்திலும் ஒரு கதை இருந்தது. 1942க்கும் 1943க்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட நம்மவர் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். வெள்ளைக்காரக் கைதிகளின் துயரைத் திரைப்படமாகக் கண்டு உலகம் அழுதது. நம்மவர் துயரை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என 1993இல் எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார், கெடாவின் கோ. புண்ணியவான் 'கையறு' எழுதினார். மூன்றையும் ஒருசேரப் படித்த மாணவன் வரலாற்றுப் பாடத்தில் தன் ஆசிரியரைக் கேள்வி கேட்பான். புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' நாவலையும் விட்டுவிடக் கூடாது. பகாங்கில் கொத்தடிமைகளாக அடைபட்ட தமிழ்க் குடும்பங்களைப் பற்றியது. அது நடந்தது வெள்ளைக்காரன் காலத்திலன்று, நாம் விடுதலை பெற்றபின்.

லூனாசைச் சேர்ந்த ம. நவீனைப் பற்றிக் கூறுமிடத்துத் தயங்குவோர் உண்டு. அவருடைய 'பேய்ச்சி' 2019இல் வந்தது. 1981இல் லூனாசில் நச்சுச் சாராயம் பலரைக் கொன்ற நிகழ்ச்சியைக் களமாகக் கொண்டது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதற்குத் தடை விதித்தது. தடைக்குள்ளான நூலைக் கடையில் வைக்கச் சொல்வது என் நோக்கமன்று. சட்டம் அறிந்தவர் நீங்கள். ஆனால் தமிழ் நாவலொன்றைப் பற்றி நம் சமூகத்தில் அந்த அளவுக்குச் சூடான பேச்சு எழுந்தபோது, பேசியவர்களுள் படித்தவர் சிறுபான்மையரே என்று எனக்குத் தோன்றிற்று. சண்டைக்கேனும் படித்துவிட்டு வரலாகாதா? ஆசிரியர்கள் அவர் சிறுகதைகளிலிருந்து தொடங்கலாம். 'சிகண்டி' முதிர்ந்தோர்க்கு உரியது, வகுப்புக்கு அன்று.

இப்பட்டியலில் எனக்குப் பிடித்தவை உள, பிடிக்காதவையும் உள. எதை ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் என்னோடு வழக்காடலாம். நல்ல கடைக்காரரிடம் வாங்குபவர் அவ்வாறே வழக்காடுவார். அனைத்தும் அருமை என்று கூறும் நூலாய்வுகளால் எந்த நூலும் விற்றதில்லை.

பெண்டாங்குக்கு மீள்வோம். இங்கே கடை வாடகைக்கு எடுத்து முதலிட யாரையும் தூண்டேன், அது பாழாய்ப்போகும். ஓர் அலமாரி போதும். பள்ளியில் வைத்தால் ஆசிரியர் வணிகம் செய்கிறார் என்ற பேச்சு எழும், விதியும் இடந்தராது. கோயில் மண்டபத்தின் ஒரு மூலை, முடிதிருத்தும் நிலையம், தையற்கடை, உணவுக்கடையின் கல்லாவுக்குப் பின்புறச் சுவர், இவற்றுள் ஒன்று கிடைக்காமற் போகாது. நாற்பது நூல், நாற்பதிலும் விலை அச்சிட்டிருக்க வேண்டும். எழுத்தாளர் கட்டிலுக்கடியில் கிடப்பவற்றை விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் பெறலாம். மூன்றிலொரு பங்கு அலமாரிக்கு இடந்தந்தவருக்கு. வாங்க இயலாதவர் ஒரு வெள்ளி கொடுத்து இரவல் பெறட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுத் திங்களுக்கு ஒருமுறை ஒரே தாளில், இத்திங்கள் வந்த நூல் இவை, நான் படித்தது இது, இதில் இன்னது நன்று, இன்னது நன்றன்று என்று எழுதிச் சுவரில் ஒட்டட்டும். புலனத்திலும் அனுப்பலாம், ஆயினும் சுவரில் ஒட்டியதை முடிதிருத்தக் காத்திருப்பவர் வேறு வழியின்றிப் படிப்பார்!

முதல் திங்கள் இரண்டு நூல் விற்கும். வகுப்பில் ஆசிரியர் ஒருவர் அத்தாளிலிருந்து ஒரு பத்தியைப் படித்துக்காட்டினால் ஆறு விற்கும். நாற்பதில் இருபது தீர்ந்ததும், தீர்ந்தவற்றின் பெயரை நூலாசிரியர்க்கு எழுதியனுப்ப வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் தம் நூலை விலை கொடுத்து வாங்கினார் என்ற செய்தியைப் பெற்ற எழுத்தாளர் நம் நாட்டில் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அலமாரியின் மேல்தட்டில் கெடாவின் நூல்கள். அடுத்ததில் நாட்டின் பிற மாநிலத்தவை. அதற்கடுத்துத் தமிழகத்தவையும் ஈழத்தவையும். கீழ்த்தட்டில், சிறுவர் கைக்கு எட்டும் உயரத்தில், கதைப்புத்தகங்கள். பயிற்சி நூலுக்கு அங்கே தட்டில்லை.